பதினாலாம் பக்கத்தில் உன் அம்மா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் சுகமா இருக்கோம், என் இடது முட்டியைத் தவிர மத்ததெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது, முட்டியும் மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் தகராறு பண்ணுது. நீயும் அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லாத் தூங்கி எழுந்து வேலைக்குப் போறேன்னு நம்பித்தான் இதைத் தொடங்குறேன். வாரம் தவறாம ஃபோன்ல பேசுறோமே, இப்ப என்ன புதுசா கடிதம்னு நினைப்ப. ஃபோன்னா உங்கம்மா பக்கத்துலயே நிப்பா, நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள அது அப்படி இல்லைன்னு ஒன்பது வார்த்தை சொல்லுவா. அதோட ஃபோன்ல எனக்கு உண்மை பேச வராதுன்னு இந்த நாலு மாசத்துல நல்லாவே தெரிஞ்சு போச்சு. நாலு மாசத்துக்கு முன்னாடி நீ கூப்பிட்டு, அப்பா, சிநேகிதி படம் எடுத்து அனுப்பினா, குட்டி ரயில் பத்திரிகையில ஒரு முழுப் பக்கம் உங்க பேர் போட்டு வந்திருக்கு, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன், எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமான்னு சொன்னியே. நான் ம்... ஏதோ சின்னதா எழுதினேன்னு சொன்னேன். அந்த ம் பொய் பாப்பா. அந்தப் பக்கத்துல இருந்த வேலையில என் கை ஒரு துளி கூடப் படலை. அதைச் சரி பண்ணத்தான் இந்தக் கடிதம். கவருக்குள்ள இந்த மாச இதழும் வச்சிருக்கேன், அவசரப்பட்டுப் பிரிக்காம முதல்ல கடிதத்தை முழுசாப் படிச்சிட்டு அப்புறம் பதினாலாம் பக்கத்துக்குப் போ.

நான் ஓய்வு பெற்ற அன்னைக்கு நீ எனக்கு அந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டி அனுப்பின. நல்ல மனசோடதான் செஞ்ச, நான் குறை சொல்லலை. ஆனா முப்பத்து மூணு வருஷம் ஸ்டேஷன்ல டிக்கெட் கவுண்டருக்குள்ள உக்காந்து ரயில் சத்தத்தையே கேட்டவனுக்கு ஓய்வுக்குப் பரிசா ரயில் பத்திரிகைன்னா, இனிப்புக் கடையில காலமெல்லாம் நின்னவனுக்கு ஒரு பெட்டி இனிப்பு கொடுத்த மாதிரி. உன்கிட்ட சொல்ல மனசு வரலை. வந்த ஆறு இதழையும் உறை கூடப் பிரிக்காம டிவிக்குக் கீழ அடுக்கி வச்சிட்டேன். அதைப் பிரிச்சது உங்கம்மா. ஒரு நாள் பல் லேபுக்கு வேலைக்குப் போற பையில மத்தியானம் சாப்பிடும்போது புரட்டிப் பார்க்க எதாவது இருக்கட்டும்னு ஒண்ணை எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனா. சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே மிச்சம் அஞ்சும் எங்கன்னு கேட்டா.

அதுக்கப்புறம் நம்ம வீட்டுல அந்தப் பத்திரிகைதான் பேச்சு. வீட்டுக்குள்ளயே பொம்மை ரயிலும் ஸ்டேஷனும் மலையும் கட்டி ஓட்டுற பெரியவங்களுக்கான பத்திரிகை அது. முதல்ல வாசகர் கடிதம் படிப்பா, அப்புறம் விளம்பரம், கடைசியாத்தான் பெரிய கட்டுரைங்க. ஒரு ஆளு சட்டை வைக்கிற இழுப்பறைக்குள்ள ஒரு முழு சரக்கு யார்டு கட்டியிருக்கான், சட்டையெல்லாம் இப்ப நாற்காலி மேலதான்னு அவன் பெண்டாட்டி அடியில ஒரு வரி சேர்த்திருக்கா, அதைப் படிச்சு உங்கம்மாவுக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இன்னொரு ரெண்டு பேர் ஒரு பழைய ரயில் பெட்டியோட காவி நிறம் சிவப்பு கூடினதா குறைஞ்சதான்னு ஆறு இதழாச் சண்டை போடுறாங்க, ரொம்ப மரியாதையா, அன்புள்ள நண்பருக்குன்னு ஆரம்பிச்சு. புல் ஒட்டறதுக்குன்னே எட்டுப் பக்கம். எனக்கு இது என்ன பைத்தியக்காரத்தனம்னு இருந்துச்சு. உங்கம்மா சொன்னா, இவங்கெல்லாம் எங்க லேப் ஆளுங்க மாதிரி, ஒரு மயிரிழை தள்ளிப் போனாலும் தூக்கம் வராதவங்கன்னு. உனக்குத்தான் தெரியுமே, அவ இருபத்தாறு வருஷமாப் பல் செட் செய்யறவ, டாக்டருங்க வாயில அளவெடுத்து அனுப்பற அச்சுல கல்லா இறுகற பிளாஸ்டரான கல்மாவைக் கரைச்சு ஊத்தி, மெழுகு வச்சு, ஒவ்வொரு பல்லாச் செதுக்கி வைக்கிற வேலை. இப்ப வாரத்துல மூணு நாள்தான் போறா, ஆனா கை நிக்க மாட்டேங்குது, சும்மா இருந்தா சோப்பைச் செதுக்கிடுவா.

அந்தச் சமயத்துல ஒரு வாசகர் ரொம்ப நொந்து போய் ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் குட்டி ரயிலுக்கு ஒரு சுரங்க வாசல் பிளாஸ்டர்ல செஞ்சிருக்கார், மூணு தடவை விரிசல் விட்டுருச்சு, பார்க்கவும் கல்லுச் சுவர் மாதிரி இல்லாம சோப்புக் கட்டி மாதிரி இருக்கு, வீட்டுல சமையலறைப் பக்கமே வரக்கூடாதுன்னு உத்தரவு போட்டாச்சு, யாராவது வழி சொல்லுங்கன்னு. உங்கம்மா அதைப் படிச்சிட்டு ஐயோ பாவமேன்னா, இந்த மனுஷன் மாவுல தண்ணியை ஊத்தறான், தண்ணியிலதான் மாவைத் தூவணும், தூவிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருக்கணும்னா. அதோட விடலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்ல மிச்சம் கிடந்த கல்மாவை ஒரு டப்பாவுல கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில செய்தித்தாள் விரிச்சு, மெழுகுக் கத்தியும் பல்லைச் சுரண்டுற கொக்கியும் வச்சுக்கிட்டு உக்காந்தா. மத்தியானத்துக்குள்ள உள்ளங்கை அகலத்துல ஒரு சுரங்க வாசல் செஞ்சு முடிச்சிட்டா. நான் எண்ணிப் பார்த்தேன், இருநூத்திப் பன்னெண்டு கல்லு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை, ஒரு கல்லு மூலை உடைஞ்சிருக்கு, ஒண்ணுல தண்ணி வடிஞ்ச கறை. நிறம் பூசும்போது கறுப்பு, பச்சை, பழுப்பு, ஊதான்னு தண்ணி மாதிரிக் கரைச்சு ஒண்ணு மேல ஒண்ணு தொட்டுத் தொட்டு வச்சா. கல்லு சாம்பல் நிறம்தானே, எதுக்கு இவ்வளவுன்னு கேட்டேன். அவ சொன்னா, பல்லு எப்படி வெள்ளை இல்லையோ அப்படித்தான் கல்லும் சாம்பல் இல்லை, ஒரே வெள்ளையா இருந்தா பொய்ப்பல்லுன்னு தூரத்துலயே தெரிஞ்சிடும்னு.

எனக்கு அதைக் கேட்டதும் இதை எழுதி அனுப்பியே ஆகணும்னு தோணுச்சு. கவுண்டர்ல எத்தனை பேருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருப்பேன், எழுத்து வேலைன்னா நம்ம வீட்டுல நான்தானே. அவ சொல்லச் சொல்ல எழுதினேன், நடுநடுவுல நாலு நல்ல வார்த்தையும் போட்டு மெருகேத்தினேன், நீ கொடுத்த கேமராவுல படமும் எடுத்து வச்சேன். இப்பதான் பாப்பா நான் சறுக்கின இடம் வருது. ஒவ்வொரு வரியிலும் என் மனைவி தூவுவாள், என் மனைவி செதுக்குவாள்னு எழுதினா நீளமாப் போகுதுன்னு, நான் தூவுவேன், நான் செதுக்குவேன்னு எழுதிட்டேன். சந்தா என் பேர்ல இருக்கேன்னு கீழ என் பேரையே போட்டேன். அதுல கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததா நான் அப்ப நினைக்கலை. அடுத்த மாசமே ஒரு முழுப் பக்கத்துல வந்துச்சு, இந்த மாதத்தின் சிறந்த யோசனைன்னு மேல பட்டை போட்டு, கீழ தடிச்ச எழுத்துல என் பேர். உங்கம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் படம் நல்லா விழுந்திருக்குன்னு சொல்லிட்டுத் துணி காயப்போடப் போயிட்டா. நானும் சரி, சந்தோஷம்தான்னு விட்டுட்டேன். ஆனா ஒண்ணு கவனிச்சேன், எந்த இதழ் வந்தாலும் மறுநாளே லேபுக்கு எடுத்துக்கிட்டுப் போறவ, அந்த இதழை மட்டும் மேசை மேலயே வச்சிட்டுப் போயிட்டா. பின்னாடிதான் தெரிஞ்சுது, தன் வேலை பத்திரிகையில வரப்போகுதுன்னு லேப்ல எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருந்திருக்கா. என் பேரைப் போட்டுக்கிட்டு வந்ததை அவ எப்படிக் கொண்டு போய்க் காட்டுவா.

எனக்கு அப்ப அதெல்லாம் உறைக்கலை. முடி வெட்டறவர் கத்திரியை நிறுத்திட்டுக் கை குடுத்தார். கூட வேலை பார்த்தவங்க ரெண்டு பேர் வீட்டுக்கே வந்துட்டாங்க. நீ கூப்பிட்ட. மனுஷனுக்குப் பாராட்டு கேட்டா காது குளிருது பாப்பா, இது என்னுதில்லைன்னு சொல்ல வாய் திறக்கறதுக்குள்ள அடுத்த பாராட்டு வந்துடுது. இப்படி இருக்கும்போது இந்த ஊர் குட்டி ரயில் கிளப்புலேர்ந்து கடிதம் வந்துச்சு, அவங்க வருஷக் கண்காட்சியில நான் வந்து எல்லார் முன்னாடியும் சுரங்க வாசல் செஞ்சு காட்டணும்னு. நான் சரின்னு பதில் போட்டுட்டேன். என்ன தைரியமோ. ஒரு வாரம் பின்பக்கம் உக்காந்து பழகிப் பார்த்தேன், முதல் நாள் வாளியில மாவும் கரண்டியும் சேர்ந்தே கல்லாப் போச்சு, அந்தக் கரண்டி இன்னும் அதுக்குள்ளதான் நிக்குது. உங்கம்மா பொறுமையாச் சொல்லிக் கொடுத்தா, என் கைக்கு ஏறலை. கடைசியில அவளே சொன்னா, நீங்க பேசுங்க, கை வேலையை நான் பக்கத்துல நின்னு பார்த்துக்கறேன்னு. அதுக்கும் நான் வெட்கம் இல்லாமத் தலையாட்டினேன். மறைக்கக் கூடாதுன்னுதான் இதையும் எழுதுறேன்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட ஹால்ல. மேசையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்து, அது மேல மலை, பாலம், ஸ்டேஷன், சிக்னல், எழுபத்தாறுல ஒரு பங்கு அளவுல, நடுவுல ரயிலுங்க விடாம ஓடிக்கிட்டே இருக்கு. நாற்பது அம்பது பேர் இருக்கும். கிளப் தலைவர் நில அளவை வேலையில இருந்தவர், நல்ல மனுஷன், காதுல கருவி மாட்டியிருக்கார், அப்படியும் பாதிதான் கேக்கும். அவர் என்னை அறிமுகப்படுத்தினார், கை தட்டினாங்க, உங்கம்மா ஏப்ரனை மாட்டிக்கிட்டுக் கிண்ணத்துல தண்ணி எடுத்தா, நான் பேச ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போச்சு. ஒரு அம்மா, பஸ் ஓட்டறவங்க, முதல் வரிசையில நோட்டோட உக்காந்திருந்தாங்க, செதுக்கறதுக்குச் சரியான நேரம் எதுன்னு எப்படித் தெரியும்னு கேட்டாங்க. நான் டக்குனு பத்து நிமிஷம்னு சொன்னேன். உங்கம்மா தலை நிமிரலை, மெதுவா, மேல இருக்கிற பளபளப்பு போனதும், மாவு இறுகிச் சூடு ஏறறதுக்கு முன்னாடின்னா, விரலோட பின்பக்கத்தை வச்சுப் பாருங்கன்னா. அவங்க அதை எழுதிக்கிட்டு மறுபடியும் என்னைப் பார்த்து, நீங்க எழுதினதுலேயே எனக்குப் பிடிச்சது கல்லு சாம்பல் நிறம் இல்லைன்னு சொன்னதுதான், அது உங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு கேட்டாங்க.

திரும்பி உங்கம்மாவைப் பார்த்தேன். அவ கிண்ணத்தைப் பார்த்துக்கிட்டு, கத்தியை விரல்ல உருட்டிக்கிட்டு நிக்கிறா. அந்த நிப்பை நான் முன்னாடி பார்த்திருக்கேன் பாப்பா. அவ லேபுக்குச் சாப்பாடு கொண்டு போன நாள்ல, யாராவது டாக்டர் வந்து செட்டைக் கையில எடுத்து, என் வேலை எப்படி இருக்கு பாருங்கன்னு கூட வந்தவங்ககிட்ட சொல்லும்போது அவ இப்படித்தான் நிப்பா. இருபத்தாறு வருஷம் அவ செஞ்ச ஒவ்வொரு பல்லும் வேற யாரோ பேர்லதான் வெளிய போயிருக்கு. அதுக்காக அந்த டாக்டருங்களை நான் எத்தனை தடவை வீட்டுல உக்காந்து திட்டியிருக்கேன். இப்ப அதையே நான் செஞ்சுக்கிட்டு நிக்கிறேன், அதுவும் அவ கைப்பிடிச்சவன்.

நான் சொல்லிட்டேன். நான் முப்பத்து மூணு வருஷம் டிக்கெட் கொடுத்தவன், போன வாரம் வரைக்கும் இந்த மாவைத் தொட்டது கூட இல்லை, அந்த வாசலைச் செஞ்சது இவங்க, அந்த வரியைச் சொன்னது இவங்க, என் மனைவி, நான் பேனாவைப் பிடிச்சேன், அதுலயும் தப்பாப் பேர் போட்டேன்னு. மேசை மேல ரயில் பாட்டுக்குத் தடக் தடக்னு போகுது. அப்ப நம்ம தலைவர் காதுல கையை வச்சுக்கிட்டு, என்ன சொல்றார், என்ன சொல்றார்னு பெரிசாக் கேட்டார். என்ன பண்றது, மறுபடியும் முதல்லேர்ந்து அத்தனையும், அந்தக் கோடியில நிக்கிறவனுக்கும் கேக்கற மாதிரி சத்தமாச் சொன்னேன். முதல் தடவை தரையைப் பார்த்துக்கிட்டுச் சொன்னேன், ரெண்டாவது தடவை நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. எல்லாரும் என்னையே பார்க்க, உங்கம்மா காது ரெண்டும் சிவக்க, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், மாவு இறுகுது, பார்க்கறவங்க இப்ப கிட்ட வாங்கன்னா. நாற்காலியெல்லாம் கரகரன்னு இழுபட்டுச்சு, அத்தனை பேரும் அவளைச் சுத்திட்டாங்க. ஒரு மணி நேரம். பளபளப்பு போறதைக் காட்டினா, ஒவ்வொருத்தர் விரலையும் பிடிச்சு வச்சு சூட்டைத் தொட வச்சா, சண்டைக்கார ரெண்டு பேர் இருக்காங்களே காவி நிறத்துக்கு, அதுல ஒருத்தர் அங்க வந்திருந்தார், அவர்கிட்ட ரெண்டும் சரிதான், வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம் படாத பக்கம் ஒரு நிறம்னு சொல்லி வாயை அடைச்சா. நான் ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல்ல தனியா உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன். என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. என் வாழ்க்கையில நான் இவ்வளவு பெருமைப்பட்டு உக்காந்ததே இல்லை, நீ டிகிரி வாங்கின அன்னைக்குக் கூட இல்லை, கோவிச்சுக்காத.

திரும்பி வரும்போது பஸ்ல அவ நகத்துல ஒட்டின மாவைச் சுரண்டிக்கிட்டே வந்தா. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே, ரெண்டாவது தடவை நல்லா சொன்னீங்கன்னா. கொஞ்சம் விட்டு, நாலு மாசமா ஏன் வாயை மூடிக்கிட்டிருந்தீங்கன்னு கேட்டா. நாலு இல்லை, ரெண்டுதான்னு சொன்னேன். எனக்கு நாலு மாதிரி இருந்துச்சுன்னா. நீ ஏன் ஒரு வார்த்தை கேக்கலைன்னு கேட்டேன். கேட்டு வாங்கினா அது என்ன பேருன்னா. அவ்வளவுதான், ஆனா இறங்கும்போது என் முட்டிக்காகக் கையைக் குடுத்தா.

மறுநாள் காலையில முதல் வேலையாப் பத்திரிகை ஆசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். திட்டி எழுதுவாங்கன்னு பார்த்தா, அந்த ஆசிரியரம்மா, ஒரு ஓரத்துல திருத்தம்னு ரெண்டு வரி போட்டா அது உங்கள் மனைவிக்கு நியாயம் ஆகாது, அவங்களையே நேர்ல வந்து பார்க்கணும்னு பதில் போட்டாங்க. வந்தாங்க, படம் எடுக்கறவரோட. உங்கம்மா புதுத் துணி மாத்த மாட்டேன்னுட்டா, ஏப்ரனோடதான் நின்னா, நகத்தை மட்டும் வெட்டிக்கிட்டா. பேட்டி கொடுக்க மாட்டேன்னவ வாயைத் திறந்தா மூடலை, ஆசிரியரம்மா ரெண்டு டீ குடிச்சு நோட்டு முழுக்க நிரப்பிட்டுத்தான் போனாங்க. அதுதான் பதினாலாம் பக்கம், அங்க ஆரம்பிச்சு ஆறு பக்கம், மேல உங்கம்மா பேர், முழுப் பேர், அவ அப்பா வச்ச பேர், கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் அது அச்சாகி நான் பார்க்கறது இதுதான். பதினேழாம் பக்கத்துல ஒரு படத்துல ஓரமா என் கையும் பாதி முகமும் தெரியும். அதுக்குக் கீழ, கிண்ணத்தைப் பிடித்திருப்பவர் கணவர்னு போட்டிருக்காங்க. அதை நான் வெட்டி பர்ஸ்ல வச்சிருக்கேன், சிரிக்காத. உங்கம்மா அஞ்சு இதழ் லேபுக்கு எடுத்துக்கிட்டுப் போனா. லேப் முதலாளி சுவத்துல ஒட்டிட்டாராம். ரொம்ப வருஷமா அவ செய்யற செட்டையே வாங்கற ஒரு டாக்டர் வந்து நின்னு ஆறு பக்கமும் படிச்சிட்டு, இத்தனை நாளும் நீங்கதானா செஞ்சீங்கன்னு கேட்டாராம். இனிமே அனுப்பற ஒவ்வொரு டப்பா மேலயும் செஞ்சவங்க பேர் எழுதணும்னு முதலாளி உத்தரவு போட்டிருக்கார், எல்லாருக்கும்தான், மெழுகு வேலை பார்க்கற பொண்ணுங்க வரைக்கும். சந்தாவையும் அவ பேருக்கு மாத்தியாச்சு. தபால்காரர் பேரைப் படிச்சிட்டு இது யாருன்னு கேட்டார், நான் சொன்னேன்.

இதழ் கையில வர்ற வரைக்கும் உன்கிட்ட மூச்சு விடாதே, நானே எழுதறேன்னு அவகிட்ட கேட்டுக்கிட்டேன், அதனால அவமேல வருத்தப்படாத. ஆபீஸ்ல யார் யார்கிட்ட என் பேரைக் காட்டினியோ அத்தனை பேர்கிட்டயும் இந்த இதழைக் காட்டிடு, அது உனக்கு நான் கொடுக்கற வேலை. குளிர்ல காதை மூடாம வெளிய போகாத, போன தடவை குரலே சரியில்லை. வேலை வேலைன்னு மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாத.

இன்னொரு முக்கியமான விஷயம், இது உங்கம்மா சொல்லி எழுதறது. அவ இப்ப ஒரு முழு ஸ்டேஷன் கட்டப் போறா, உன் ரூம்ல நீ படிச்ச மேசை மேல. எந்த ஸ்டேஷன்னு கேட்டேன். நீ தினமும் வேலைக்கு ரயில் ஏறற ஸ்டேஷனாம். நாம ரெண்டு பேரும் அதைப் பார்த்ததே இல்லையே, படத்துல கூட இல்லையேன்னேன். அதனாலதான்னா. மேம்பாலத்துக்குப் படி எத்தனைன்னு எண்ணி எழுதணும், கைப்பிடி என்ன நிறம், பெஞ்சு எத்தனை, கூரை ஓடா தகரமா, எல்லாத்தையும் படம் எடுத்து அனுப்பணும், அளவு தெரியறதுக்குப் பக்கத்துல உன் ஆபீஸ் அட்டையை வச்சு எடுக்கணுமாம். மழை பெய்யும்போது எந்தத் தூண் பக்கம் ஒதுங்கி நிப்ப, அதையும் கேக்கச் சொன்னா. ஆள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசா வருமாம், மூஞ்சி செதுக்க முடியாது, கோட்டு மட்டும்தான் தெரியும். அதனால உன் கோட்டு என்ன நிறம்னு மறக்காம எழுது. புதுசா இருந்தப்ப என்ன நிறம்னு வேண்டாமாம், இப்ப வெயில்லயும் மழையிலயும் வெளுத்து எப்படி இருக்கோ அந்த நிறம்.

நல்லா இரு, நீண்ட ஆயுசோட இரு, உன் கை தொட்டதுக்கெல்லாம் உன் பேர் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா